மலேரியாவும் தண்ணீர் டிரம்மும்

மலேரியாக் கொசு எங்கே பிறக்கிறது? ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எந்தத் தொழிலாளியிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கை தானாகவே பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் நீளும். "வேறெங்கே? அந்தச் சாக்கடையில்தான்!" என்பார். சங்கக் கூட்டத்தில் கேட்டாலும் இதே பதில்தான். மாதர் கூட்டத்தில் கேட்டாலும் இதே பதில்தான். கால்வாய் நாறுகிறது. பொழுது சாய்ந்தால் அதன் கரையிலிருந்து கொசு கூட்டங்கூட்டமாகக் கிளம்புகிறது. ஆகவே நடுக்குக் காய்ச்சலும் அங்கிருந்தே வருகிறது என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்தப் பதில் தவறு. தவறு என்பதோடு ஆபத்தானதும் கூட.

சாக்கடையில் பிறப்பது வேறு கொசு. அதற்குக் க்யூலெக்ஸ் என்று பெயர். யானைக்கால் வியாதியைப் பரப்புவது அது. மலேரியாவைச் சுமப்பதோ அனாபிலிஸ் என்னும் கொசு. அதிலும் பல வகை உண்டு. நம் நகரத்தில் இந்த வேலையைச் செய்வது அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற வகை. நாறும் தண்ணீர் அதற்கு ஆகாது. நாம் எந்தத் தண்ணீரைத் தேடி அலைகிறோமோ, குடத்தோடு வரிசையில் நிற்கிறோமோ, அதே நல்ல தண்ணீர்தான் அதற்கும் வேண்டும். மூடாத கிணறு, மொட்டைமாடித் தொட்டி, வாசலில் நிற்கும் டிரம், கட்டட வேலைக்குத் தேக்கி வைத்த நீர் - இவைதான் அதன் பிரசவ ஆஸ்பத்திரிகள்.

கால்வாயைச் சுத்தப்படுத்த வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது அவசியம் செய்ய வேண்டிய காரியம். அதற்காகப் போராட வேண்டியதும் நியாயம். ஆனால் கால்வாயைக் காட்டிக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், மலேரியாக் கொசு நம் தலைமாட்டில், நாம் காலையில் குடித்த தண்ணீர் டிரம்மிலேயே முட்டையிட்டுக் கொண்டிருக்கிறது! எதிரி கிழக்கே இருக்க மேற்கே காவல் வைத்தால் என்ன பயன்?

எதிரியை அடையாளம் காண்பது

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் டிரம் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். புழு இருந்தால் தெரியும். தலைகீழாகத் தொங்கி, வாலை மட்டும் நீர்மட்டத்தில் வைத்து மூச்சுவிடும் புழுவானால் அது க்யூலெக்ஸ் அல்லது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். நீர்மட்டத்தோடு ஒட்டி, மிதக்கும் சிறு துரும்பைப் போலப் படுத்துக்கிடந்தால் அது அனாபிலிஸ். வளர்ந்த கொசுவிலும் வித்தியாசம் தெரியும். மற்றக் கொசுக்கள் சுவரில் கூனிக் குறுகி உட்காரும். அனாபிலிஸ் பின்பாகத்தைத் தூக்கிக்கொண்டு, சுவரில் அறைந்த ஆணி சாய்ந்ததுபோல உட்காரும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும். மலேரியாக் கொசு இரவில், நாம் அயர்ந்து தூங்கும்போது கடிக்கும். மொட்டை மாடியிலும், நடைபாதையிலும், காசிமேட்டில் படகின் மேல்தட்டிலும் படுத்துறங்குகிற உழைப்பாளிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அறையும் விசிறியும் உள்ளவனைவிட அவனிடம்தான் கொசுவுக்கு வேலை சுலபம்.

'மலேரியா' என்ற சொல்லே இந்தக் குழப்பத்தைச் சுமந்துகொண்டுதான் பிறந்தது. அது இத்தாலியச் சொல். கெட்ட காற்று என்று அர்த்தம். நாற்றமெடுத்த சதுப்பு நிலத்திலிருந்து எழும் காற்றே இந்த ஜுரத்துக்குக் காரணம் என்று நூற்றாண்டுகளாக நம்பினார்கள். 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு ராணுவ டாக்டர் லாவெரான், ஜுரக்காரனின் ரத்தத்தில் ஒரு நுண்ணுயிர் நெளிவதைப் பூதக்கண்ணாடியில் கண்டார். காற்றல்ல, கிருமிதான் என்று அதன்பின் தெரிந்தது. அந்தக் கிருமி ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு எப்படிப் போகிறது? அதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்த ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றைக் கீறி, உள்ளே மலேரியாக் கிருமி வளர்வதைப் பார்த்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கொசுக்கள் குடிப்பதற்கு ரத்தம் கொடுத்தவன் ஹுசேன் கான் என்ற ஜுரக்காரன். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவனுக்குக் கூலி கிடைத்தது. விஞ்ஞானத்தின் வரலாற்றில் இப்படிப் பல ஹுசேன் கான்கள் உண்டு!

ராஸ் வாழ்க்கையில் இன்னொரு சம்பவம் நமக்கு அதைவிட முக்கியம். 1883இல் பெங்களூரில் அவர் தங்கியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. தேடிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாயில் புழுக்கள். பீப்பாயைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்ற பீப்பாய்களையும் கவிழ்த்துவிடலாமே என்று அதிகாரியிடம் சொன்னாராம். இயற்கையின் ஏற்பாட்டில் கைவைக்கக் கூடாது என்று அந்த அதிகாரி மறுத்துவிட்டாராம். ராஸ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்த விஷயம் இது. அந்த அதிகாரியின் வாரிசுகள் இன்னும் பல ஆபீசுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றினால் அது நம் குற்றமல்ல.

நாள் கணக்கு

மலேரியாவை ஒழிப்பது நாள் கணக்குத் தெரிந்தவனுக்கு முடிகிற காரியம். மில்லில் வாரக்கூலிக் கணக்குப் போடத் தெரிந்த தொழிலாளிக்கு இது ஒன்றும் கஷ்டமல்ல. கொசு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப் புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க நம் ஊர் வெயிலில் ஒரு வாரம் முதல் 10 நாள் ஆகும். அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தத் தலைமுறையே இல்லை. கொசு ஒரு ஜுரக்காரனைக் கடித்தால் அன்றே மற்றவனுக்கு வியாதியைக் கொடுத்துவிடாது. கிருமி அதன் உடம்பில் முற்ற 10, 12 நாள் வேண்டும். அந்தக் கொசு கடித்த மனிதனுக்கு ஜுரம் வர இன்னும் 10 முதல் 15 நாள். ஆக, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மலேரியா போக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கிறது. ஒரு மாதம் நமக்கு அவகாசம் கொடுக்கும் எதிரியிடம் நாம் தோற்கலாமா?

வாரத்தில் ஒரு நாள் வீட்டிலுள்ள டிரம், தொட்டி, குடம் எல்லாவற்றையும் காலிசெய்து, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும் என்று சொல்வதன் தாத்பரியம் இந்தக் கணக்குதான். ஏன் தேய்க்க வேண்டும்? மலேரியாக் கொசு நீரின்மேல் முட்டையிடும். டெங்குக் கொசுவோ பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டி வைக்கும். காலி செய்தால் முதலாவது போகும். தேய்த்தால்தான் இரண்டாவது போகும். ஒரே வேலையில் இரண்டு வியாதிக்கும் வழியடைக்கலாம்.

டிரம் ஏன் வந்தது?

இதையெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்ட ஒரு மாது, கூட்டத்தில் எழுந்து கேட்டாள்: "வாரத்துக்கு ஒருதரம் டிரம்மைக் கொட்டிக் கவுக்கணும்னு சொல்றீங்களே, கொட்டின தண்ணிக்கு நீங்க ஜவாப் சொல்வீங்களா அண்ணே?" கேள்வியில் நூற்றுக்கு நூறு நியாயம் இருக்கிறது. மலேரியாப் பிரசாரம் செய்கிற அனைவரும், சர்க்கார் துண்டுப் பிரசுரம் எழுதுகிறவர்கள் உட்பட, முதலில் இந்த மாதுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

டிரம் ஆசைக்கு வாங்கிய சாமான் அல்ல. குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் எவரும் 200 லிட்டர் டிரம்மை வாசலில் நிறுத்தி வழியை அடைக்க மாட்டார்கள். பல தெருக்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் இடங்களில் லாரி எப்போது வரும் என்பது டிரைவருக்கே தெரியாது. வேலைக்குப் போகிற பெண் என்ன செய்வாள்? வந்தபோது பிடித்து வைப்பாள். 2019இல் பூண்டியும் புழலும் சோழவரமும் செம்பரம்பாக்கமும் வறண்டபோது நகரம் முழுவதும் டிரம் வாங்கியது. ஏரிகள் பிறகு நிரம்பின; டிரம் மட்டும் வாசலைவிட்டுப் போகவில்லை. காட்டுப்பள்ளியில், நம் கடற்கரையிலேயே, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. ஆலை நம் வாசலில் வந்தும் நம் தெருவில் டிரம் நிற்கிறது என்றால், கேட்க வேண்டிய கேள்வி டிரம்மை வைத்திருக்கும் பெண்ணிடம் கேட்க வேண்டியதல்ல.

ஆனால், தோழர்களே, இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். "தினமும் தண்ணீர் விடட்டும், பிறகு நான் மூடி போடுகிறேன்" என்று உட்கார்ந்திருந்தால் நஷ்டம் யாருக்கு? கொசு நம் கோரிக்கைப் பட்டியலைப் படிப்பதில்லை. நான்கு நாள் ஜுரத்தில் படுத்தால் நான்கு நாள் கூலி போயிற்று. தினக்கூலிக்கு ஏது சம்பளத்தோடு லீவு? ஆகையால் தண்ணீருக்காக மனுக் கொடுப்பதும், டிரம்முக்குத் துணி கட்டுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டிய வேலைகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப் போடக் கூடாது.

அந்த மாதுக்குச் சொன்ன பதில் இதுதான். தண்ணீரைக் கொட்ட முடியாவிட்டால் மூடு. மூடி கிடைக்காவிட்டால் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயில் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டு. இடைவெளி இருந்தால் கட்டியும் கட்டாததும் ஒன்றுதான். கொசு நுழைய ஒரு விரல் சந்து போதும். டிரம் காலியாகிற நாளில், புதுத் தண்ணீர் பிடிக்குமுன், தேங்காய் நாரால் உட்புறத்தை ஒரு தேய்ப்புத் தேய். அடியில் மிஞ்சும் ஒரு சொம்புத் தண்ணீரை டிரம்மோடு சாய்த்து மண்ணில் ஊற்று. புழு மண்ணில் பிழைக்காது.

கிணறு இருந்தால் அதற்கு வலை போட்டு மூட வேண்டும். முடியாவிட்டால் மீன் விடலாம். கம்பூசியா என்ற சிறு மீன் 1928இலேயே நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. கொசுப்புழு என்றால் அதற்கு அல்வா. மாநகராட்சி ஊழியரிடம் கேட்டால் கிணற்றுக்கு மீன் விட ஏற்பாடு செய்வார்கள். கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றுவது என்ற பழைய வைத்தியம் குடிதண்ணீருக்கு ஆகாது. ஊழியர்கள் தொட்டியில் ஊற்றும் அபேட் மருந்தைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். சொன்ன அளவில் ஊற்றினால் குடிநீருக்குக் கேடில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்ட மருந்து அது. தாராளமாக ஊற்றவிடலாம்.

மேல்நிலைத் தொட்டிதான் பெரிய தலைவலி. ஒண்டுக் குடித்தனக்காரன் கீழே தன் குடத்தைத் துடைத்துத் துடைத்து வைப்பான்; மாடியில் வீட்டுக்காரரின் தொட்டி மூடியில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாடிப்படிக் கதவுக்குப் பூட்டு, சாவி வீட்டுக்காரரிடம். தனியாளாகப் போய்க் கேட்டால் "வேறு வீடு பார்த்துக்கொள்" என்பார். எல்லாக் குடித்தனக்காரர்களும் சேர்ந்து போய்க் கேளுங்கள். பொதுச் சுகாதாரச் சட்டம் என்று ஒரு சட்டம் 1939இலேயே சென்னை மாகாணத்தில் வந்தது. இந்தியாவிலேயே முதலாவது சட்டம் அது. கொசு உற்பத்தியாகும்படி தண்ணீரைத் தேங்கவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டத்தின் பேரைச் சொன்னாலே சில சாவிகள் தாமாகத் திறக்கும்.

கட்டடமும் கான்டிராக்டரும்

எண்ணூர், அத்திப்பட்டு, மணலிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏதாவதொரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கும். சிமெண்டு இறுக வேண்டும் என்று தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். லிப்டுக்குத் தோண்டிய குழியில் மாதக்கணக்கில் தண்ணீர். கலவைக்குக் கட்டிய தொட்டி திறந்தபடி. பக்கத்திலேயே தகரக் கொட்டகை. அதில் ஒரிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். கொசுவலை கிடையாது. கொசுவும் இங்கே, அது கடிக்க மனிதனும் இங்கே! மலேரியாவை வளர்க்க இதைவிட நல்ல ஏற்பாட்டை ஒரு விஞ்ஞானி யோசித்தாலும் செய்ய முடியாது.

இந்த இடத்தில் நம்மவர்களில் சிலர் ஒரு பேச்சுப் பேசுகிறார்கள். "வடக்கேயிருந்து வந்தவர்கள்தான் வியாதியைக் கொண்டு வந்தார்கள்" என்று. அந்த மாநிலங்களின் காட்டுப் பகுதிகளில் மலேரியா அதிகம் என்பது உண்மை. வருகிறவன் உடம்பில் கிருமி இருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் கிருமி தனியாக நடந்து வந்து உன்னைக் கடிக்கிறதா? கொசு இங்கே பிறந்தது. கான்டிராக்டரின் தொட்டியில் பிறந்தது. வந்திறங்கிய அன்றே அந்தத் தொழிலாளியின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, கிருமி இருந்தால் முழு வைத்தியமும் கொடுத்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. அதைச் செய்யாதவன் யார்? ஜுரம் என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து அவன் மறைக்கும்படி வைத்தவன் யார்? தன் ஊரில் வேலையில்லாமல் இங்கே வந்து வெயிலில் காயும் அந்த மனிதன் நம் எதிரியல்ல. நமக்கு முன்னால் கடிபட்டவன்.

வியாதி ஊர்விட்டு ஊர் போவது என்பது ஒரு பக்கப் பாதையும் அல்ல. நம் நகரத்து ஸ்டீபன்சிக் கொசு நெடுங்காலம் இந்தியாவையும் பாரசீக வளைகுடாவையும் அண்டி வாழ்ந்தது. 2012இல் அது ஆப்பிரிக்காவில் ஜிபூட்டித் துறைமுகத்தில் காணப்பட்டது. பிறகு எத்தியோப்பியா, சூடான் என்று பரவியது. கப்பலேறிப் போயிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அதுவரை ஆப்பிரிக்காவில் மலேரியா பெரும்பாலும் கிராமத்து வியாதியாக இருந்தது. டிரம்மிலும் தொட்டியிலும் பிறக்கத் தெரிந்த இந்தக் கொசு இப்போது அங்கே நகரங்களுக்கும் அதைக் கொண்டுபோகிறது. எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் 2022இல் மலேரியா கிளம்பியதற்கு இதுவே காரணமாயிற்று. துறைமுகத் தொழிலாளிக்கு இது புரியாத விஷயமல்ல. சரக்கு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் கொசுவும் போகும்.

மூன்றாம் நாள் மாத்திரையை நிறுத்துகிறவன்

குளிர் நடுக்கம், பிறகு கொதிக்கும் ஜுரம், பிறகு வியர்த்துக் கொட்டி விடுதல், ஒருநாள் விட்டு மறுபடி அதே கதை - இது மலேரியாவின் வழக்கமான வேஷம். ஆனால் எப்போதும் இப்படியே வரும் என்று நம்பியிருக்காதீர்கள். எந்த ஜுரமானாலும் ரத்தம் சோதித்துப் பார்ப்பதே வழி. மாநகராட்சிச் சுகாதார நிலையத்திலும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். தெருமுனையில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுவதால் ஜுரம் இறங்கலாம், கிருமி இறங்காது.

சென்னையில் அதிகமாகக் காண்பது வைவாக்ஸ் என்ற கிருமி. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. ரத்தத்தில் இருப்பது போக ஒரு பகுதி ஈரலில் போய்ப் படுத்துத் தூங்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து எழுந்து, கொசு கடிக்காமலேயே மறுபடி ஜுரத்தைக் கொடுக்கும். ரத்தத்திலுள்ள கிருமிக்குக் குளோரோகுயின் 3 நாள். ஈரலில் தூங்கும் கிருமிக்குப் பிரைமாகுயின் 14 நாள். நம் தொழிலாளி என்ன செய்கிறான்? மூன்றாம் நாள் ஜுரம் விடுகிறது. நாலாம் நாள் வேலைக்குப் போகிறான். மிச்ச மாத்திரை பரணில் கிடக்கிறது. இரண்டு மாதத்தில் மறுபடி நடுக்கம். மறுபடி கூலி நஷ்டம். இதற்குள் அவனைக் கடித்த கொசுக்கள் அக்கம்பக்கத்தில் எத்தனை பேரைக் கடித்தனவோ!

பிரைமாகுயின் எல்லாருக்கும் கொடுக்கக்கூடிய மருந்தல்ல. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் கூடாது. சிலருடைய ரத்தத்துக்கு இயல்பாகவே அது ஒத்துக்கொள்ளாது. மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். ஆகவே ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குத் தானம் செய்யும் நல்ல மனசு இந்த விஷயத்தில் வேண்டாம்.

பால்சிபாரம் என்ற இன்னொரு கிருமி உண்டு. மூளையைத் தாக்கி ஆளைக் கொல்லக்கூடியது. ஒரிசா, ஜார்க்கண்டு காடுகளில் அதுதான் அதிகம். அதற்கு வேறு மருந்து: ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து. அந்த மருந்து பிறந்த கதையை ஒரு வரியில் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்கக் குண்டுகளுக்கு நடுவே காட்டில் போராடிய வியத்நாம் வீரர்களை மலேரியா வாரிக்கொண்டு போயிற்று. அவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் 1967 மே 23ஆம் தேதி சீனாவில் ஆராய்ச்சி தொடங்கியது. பழைய வைத்திய ஏட்டிலிருந்து குறிப்பெடுத்து, ஒரு புல்பூண்டிலிருந்து மருந்தை வடித்தவர் தூ யூயூ என்ற பெண்மணி. 2015இல்தான் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

நாடே மாத்திரையை நிறுத்தியது

மூன்றாம் நாள் மாத்திரையை நிறுத்தும் தொழிலாளியை நாம் கோபித்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு நாடே அப்படிச் செய்ததுண்டு. 1947இல் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1958இல் ஒழிப்புத் திட்டம் ஆயிற்று. வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள், வீடு வீடாக ஜுரம் விசாரித்தார்கள். 1965இல் நோயாளிகள் ஏறக்குறைய 1 லட்சமாகக் குறைந்தார்கள். அவ்வளவுதான், மலேரியா போயிற்று என்று நினைத்துவிட்டார்கள். பணம் சுருங்கியது, கண்காணிப்புத் தளர்ந்தது. டி.டி.டி.க்குக் கொசுவும் பழகிவிட்டது. பெரிய நகரங்களை அந்தந்த முனிசிபாலிடி பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள். நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் ஸ்டீபன்சி நிம்மதியாகப் பெருகியது. நகர மலேரியாவுக்கு என்று தனித் திட்டம் 1971இல்தான் வந்தது. 1976இல் நாட்டில் 64 லட்சம் பேருக்கு மலேரியா!

கடலுக்கு அக்கரையில் இலங்கையின் அனுபவம் இதைவிடக் கூர்மையானது. 1934இல் அங்கே மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. குட்டைகளில் கொசு. 1935 முடிவதற்குள் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். அந்தச் சமயத்தில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து போனார்கள். சூரியமல் என்றால் நம் பூவரசம்பூ. யுத்த நினைவு நாளில் வெள்ளைக்காரன் விற்ற கசகசாப் பூவுக்கு எதிராகப் பூவரசம்பூ விற்றவர்கள் அவர்கள். டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் அதில் முன்னின்றார்கள். காய்ச்சல் கொன்றதில் பாதிப் பழி பட்டினிக்கு என்று அவர்கள் நேரில் கண்டு சொன்னார்கள். 1936 தேர்தலில் பெரேராவையும் குணவர்த்தனவையும் அந்தப் பக்கத்து ஜனங்கள் சட்டசபைக்கு அனுப்பினார்கள் என்றால் ஆச்சரியமென்ன?

அதே இலங்கையில் 1963ஆம் ஆண்டு முழுவதற்கும் மலேரியா நோயாளிகள் 17 பேர்தான்! மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் 5 லட்சத்துக்கு மேல். இரண்டாவது தடவை அவர்கள் ஏமாறவில்லை. உள்நாட்டு யுத்தம் நடந்த காலத்திலும் ஜுரக்காரனைத் தேடி ரத்தம் எடுக்கும் வேலையை விடவில்லை. நோயாளிகள் நூறாகக் குறைந்தபோதும், பத்தாகக் குறைந்தபோதும் தேடினார்கள். 2012 அக்டோபருக்குப் பிறகு அங்கே உள்நாட்டில் பிறந்த மலேரியா இல்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் அதை ஒப்புக்கொண்டு அறிவித்தது. நம்மைப் போன்ற வெயில், நம்மைப் போன்ற மழை, நம்மைப் போன்ற ஏழை ஜனங்கள். அவர்களால் முடிந்தது.

இந்தியாவிலும் கணக்கு இறங்கிக்கொண்டுதான் வருகிறது. 2015இல் 11 லட்சத்து 69 ஆயிரம். 2023இல் 2 லட்சத்து 27 ஆயிரம். 2030க்குள் ஒழித்துவிடுவதாகச் சர்க்கார் சொல்லியிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் 1965ஐப் பார்த்தவர்கள் இறங்குகிற கணக்கைக் கண்டால்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருப்பார்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மேடை போட்டுப் பேசினால் ஜனங்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், போய்விடுவார்கள். இந்த விஷயத்தில் காட்டித்தான் கொடுக்க வேண்டும். வாயகன்ற ஒரு கண்ணாடி ஜாடி எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் புழு விழுந்த டிரம் எதுவோ அதிலிருந்து அதை நிரப்பி, வாயில் மெல்லிய துணி கட்டி, சங்க ஆபீசிலோ டீக்கடைப் பலகையிலோ வையுங்கள். இரண்டு மூன்று நாளில் துணிக்குக் கீழே கொசு பறக்கும். "நம்ம டிரம்மில் எடுத்த தண்ணிதானே இது!" என்று அந்த வீட்டுக்காரியே சொல்லுவாள். பிறகு கால்வாயைக் காட்ட யாருக்கும் கை எழாது. காட்டி முடித்ததும் துணியை அவிழ்க்காமல் ஜாடியைச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது. டார்ச்சு விளக்கும் டம்ளரும் கொடுத்தால் ஒரு தெருவை அரைமணியில் அலசிவிடுவார்கள். பெரியவர்களின் சால்ஜாப்பு அவர்களிடம் செல்லாது.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயத் தொழிலாளர்களுக்கு விஷயம் கொஞ்சம் வேறு. கிராமத்தில் மலேரியாவைப் பரப்புவது பெரும்பாலும் அனாபிலிஸின் இன்னொரு வகை. வாய்க்கால், கிணறு, வறண்ட ஆற்றுக் குழி ஆகியவற்றில் பிறப்பது. வாய்க்கால் முழுவதையும் மூட முடியாது. அங்கே இரவில் கொசுவலையும், ஜுரம் கண்டவுடன் ரத்தப் பரிசோதனையுமே முக்கியம். பம்புசெட்டுக் காவலுக்கும் அறுவடைக் களத்துக்கும் இரவில் ஆளனுப்பும் மிராசுதாரிடம் கூலியோடு வலையும் கேட்கலாம்.

கடைசியாக, தொட்டியை எட்டிப் பார்க்க வீடு வீடாக வரும் கொசு ஒழிப்பு ஊழியர்களைப் பற்றி. "இன்றைக்கு வேண்டாம் போ" என்று கதவைச் சாத்துகிறோம். அந்த ஊழியரும் நம்மைப் போன்ற உழைப்பாளிதான். இவர்களில் ஏராளமானவர்கள் தினக்கூலிகள், ஒப்பந்தக்காரர்கள், வேலை நிரந்தரமில்லை. இலங்கை ஜெயித்தது இப்படிப்பட்ட ஊழியர்களின் காலால்தான். ஜுரம் குறைந்தால் இவர்கள் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று எந்த அதிகாரி கணக்குப் போட்டாலும் அதை எதிர்க்க வேண்டியது அவர்கள் சங்கம் மட்டுமல்ல.

ஆகவே இந்த வாரம் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தாள் தயாராகட்டும். எந்த மாடித் தொட்டிக்கு மூடியில்லை, எந்தக் கட்டடத்துக் குழியில் எத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். போன மாதம் குழாயில் தண்ணீர் வராத நாட்கள் எவையெவை என்பதையும் அதே தாளில் கீழே எழுதி, தெருவார் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, மண்டல ஆபீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.